பழைய தோடும் புதிய வைரமும்

(திருச்சிராப்பள்ளியில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஆபரண சம்பந்தமானது. கல்வி நிதியைப் பற்றியும் விவாகச் செலவைக் குறைப்பதைப் பற்றியும் பேசக் கேட்டுப் பழகிய தங்கட்கு, வைரத்தைப் பட்டை தீட்டுவதைப் பற்றி ஒருவன் எழுந்து பேசுவது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், நம் குடும்பங்களில் பெண் வழியாகத் தாயிடமிருந்து மகளுக்கும் மகளிடமிருந்து பேத்திக்கும் இறங்கிவரும் சொத்து பெரும்பாலும் நகையே அன்றோ? அந்நகையினின்று ஒரு கல் விழுந்துவிட்டால் என் செய்வது என்னும் கேள்வி எழாத வீடு நம்முள் அரிது. அதற்குத் தக்க விடை அறியாமையால் நல்ல பொருள்கள் பல வீடுகளைவிட்டு வெளியேறியிருக்கின்றன. ஆதலின் இது சங்கத்தார் கேட்கத் தகுந்த விஷயமே என்று துணிந்தேன்.

ஏழு கல் தோடு ஒன்றை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். நடுவே ஒன்று, சுற்றிலும் ஆறு. பாட்டியார் காலத்தில் கட்டியது. சுற்றுக் கற்களுள் ஒன்று எங்கோ விழுந்து போயிற்று. பெரிய கடை வீதிக்குச் சென்று அதே அளவுள்ள புதிய வைரம் ஒன்றை வாங்கிப் பதித்துவிடுகின்றோம். கல் உயர்ந்ததே, நிறமும் ஒத்ததே, விலையும் குறைவன்று. எனினும் அணிந்து கண்ணாடிமுன் நின்றால் அந்த ஒரு கல் மட்டும் தனித்துத் தெரிகின்றது. மற்ற ஆறும் ஒரு பாஷையும் இஃது ஒரு பாஷையும் பேசுவது போல இருக்கின்றது. காரணம் கல்லின் குணமன்று. பட்டையின் வேறுபாடே ஆகும்.

இந்நிலையில் மூன்று வழிகள் உள்ளன. வேறுபாட்டைப் பொறுத்துக்கொண்டு அப்படியே அணிவது ஒன்று. பழைய கற்கள் ஆறையும் கொடுத்துவிட்டு ஏழும் புதியனவாக மாற்றிக்கொள்வது, அல்லது பழையவற்றைப் புதிய மாதிரிக்கு மறுபட்டை தீட்டுவிப்பது, மற்றொன்று. புதிய கல் ஒன்றை மட்டும் பழைய மாதிரிக்குத் திருத்தித் தீட்டுவித்து அந்த ஆறோடு சேர்ப்பது மூன்றாவது. இம்மூன்றனுள் மூன்றாவதே நம் குடும்பங்களுக்கு ஏற்றது என்பதும், அதனைச் செய்யும்போது கைக்கொள்ள வேண்டிய நேர்மை இன்னதென்பதும் யான் இன்று சொல்ல விழைவன.

முதற்கண் பழைய பட்டைக்கும் புதிய பட்டைக்கும் உள்ள பேதத்தை அறிதல் வேண்டும். வைரக்கல்லுக்கு உறுப்புகள் ஐந்து. உச்சியில் தட்டையாக உள்ளது மேல்தளம். வியாபாரிகள் டேபிள் என்பர். அதனைச் சுற்றிச் சரிந்து இறங்குவது மகுடம். மிக அகன்ற இடத்தில் உள்ள விளிம்பு இடுப்பு. அதன் கீழே கூம்பிச் செல்வது அடிப்பாகம். கூம்பின் நுனி அடிமுனை. இதனைக் கியூலெட் என்பர்.

இக்காலத்து வட்ட வைரத்தில் 57 அல்லது 58 பட்டைகள் உள்ளன. மேல்தளம் அகன்றும் மகுடம் தாழ்ந்தும் அடிமுனை கூர்மையாயும் இருக்கும். இம்மாதிரிக்குக் கணித ஆதாரம் தந்தவர், பெல்ஜிய தேசத்து வைரத் தொழிற்குடும்பத்திற் பிறந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி என்பார். அவர் 1919-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மேல்தளம் கல்லின் குறுக்களவில் 53 விழுக்காடும், மகுடத்தின் சரிவு 34½ பாகையும், அடிப்பாகத்தின் சரிவு 40¾ பாகையும் இருத்தல் நலம் என்று கணக்கிட்டுக் காட்டினார். வைரத்தினுள் புகுந்த ஒளி, பட்டையின் மேற்பரப்பில் ஏறத்தாழ 24½ பாகைக்கு மேற்பட்ட சாய்வில் மோதினால் வெளியேறாமல் உள்ளேயே திரும்பிவிடும். அவ்வாறு இருமுறை திரும்பி மேல்வழியே கண்ணுக்கு வந்து சேருமாறு கோணங்களை அமைப்பதே இதன் சூட்சுமம்.

பழைய மாதிரியோ வேறு. மேல்தளம் சிறுத்திருக்கும், மகுடம் உயர்ந்திருக்கும், அடிமுனை கூராக்கப்படாமல் சிறிது தட்டையாக விடப்பட்டிருக்கும். மேலிருந்து நோக்கினால் கல்லின் நடுவே ஒரு சிறு வட்டம் போல அது தோன்றும். வடிவம் மெத்தையைப் போல மூலை மழுங்கிய சதுரமாயின் அதனைப் பழைய சுரங்கப் பட்டை என்றும், வட்டமாயின் பழைய ஐரோப்பியப் பட்டை என்றும் பெயரிட்டு அழைக்கின்றனர். பட்டைகளின் தொகை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே; அவற்றின் அகலமும் நீளமுமே வேறு. புதிய கல்லில் அடிப்பட்டைகள் நீண்டு மெலிந்திருத்தலின் ஒளி பொடிப்பொடியாகச் சிதறி எங்கும் வெண்மையாய் மின்னும். பழைய கல்லில் பட்டைகள் பருத்துக் குறுகியிருத்தலின் ஒளி பெரிய துண்டுகளாய், சிவப்பும் நீலமும் மஞ்சளுமாய், தலை அசையும்போது மெல்ல மாறி மாறித் தோன்றும். மின்சார விளக்கு இல்லாத காலத்தில், குத்துவிளக்கின் எதிரே அமர்ந்த பெண்ணின் காதில் அணிய ஏற்ற கல் அது.

முன்னோர் அவ்வாறு தீட்டியது அறியாமையால் அன்று. வைரம் பூமியினின்று எடுக்கப்படும்போது பெரும்பாலும் இரண்டு கூம்புகளை அடியோடு அடி சேர்த்தாற்போன்ற எண்முக வடிவில் இருக்கும். அவ்வடிவத்தை இயன்றவரை சிதைக்காமல், எடை குறையாமல் தீட்டினால் உயர்ந்த மகுடமும் ஆழ்ந்த அடிப்பாகமும் தாமே அமைகின்றன. 1900-ஆம் ஆண்டையொட்டி வைரத்தை அறுக்கும் இயந்திர ரம்பம் வந்த பின்னரே ஓர் எண்முகக் கல்லை இரண்டாக அறுத்து இரண்டு வட்டக் கற்கள் செய்வது எளிதாயிற்று. அகன்ற மேல்தளமும் அதனோடு வந்தது. ஆகவே பழைய பட்டை என்பது கல்லுக்குக் கை இணங்கிச் சென்றதன் அடையாளம் எனலாம்.

கல்லின் வடிவத்தைக் கருதிப் பார்க்கும் வழக்கம் இச்சோழ நாட்டிற்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராஜராஜன் அளித்த ஆபரணங்களைக் கூறும் கல்வெட்டுக்களில், வைரங்களைத் தொகை கூறியதோடு நில்லாமல், சப்படி என்றும் சவக்கம் என்றும், அதாவது தட்டையானவை என்றும் சதுரமானவை என்றும், வகை பிரித்து எண்ணியிருக்கின்றனர். நகையின் எடையைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என நுணுகிக் கணித்திருக்கின்றனர். ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர்க் கோயிலார் கைக்கொண்ட அந்த ஒழுங்கில் நூற்றில் ஒரு பங்கேனும் நம் வீட்டுப் பெட்டியில் உளதா என்று பின்னர்க் கேட்க இருக்கின்றேன்.

இனி, மறுபட்டை தீட்டுவதன் இலாப நஷ்டத்தை உலகம் அறிந்த இரண்டு கற்களைக் கொண்டு விளக்குவேன். அவற்றுள் ஒன்றை நம் ஸ்ரீரங்கத்தோடு சேர்த்துப் பேசுவது பலருக்குத் தெரிந்ததே.

ருஷ்ய தேசத்துச் செங்கோலில் ஓர்லோவ் என்னும் பெரிய வைரம் பதிக்கப்பட்டிருக்கின்றது. எடை 189.62 காரட். கோழி முட்டையைப் பாதியாக அறுத்து வைத்தாற்போன்ற உருவம், அடி தட்டை, மேலெல்லாம் வரிசை வரிசையாகச் சிறு பட்டைகள். கர்நாடக யுத்த காலத்தில் படையினின்று ஓடிவந்த பிரெஞ்சுச் சிப்பாய் ஒருவன் ஸ்ரீரங்கம் கோயிலில் பக்தனைப் போல நடித்து, பெருமாள் திருக்கண்ணினின்று இதனைத் திருடிச் சென்று சென்னையில் ஓர் ஆங்கிலேயக் கப்பல் தலைவனுக்கு விற்றான் என்பது மேனாட்டார் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கதை. சரித்திர ஆராய்ச்சியாளர் பலர் இதனைக் கதை என்றே கொள்கின்றனர். ஔரங்கசீப் பாதுஷாவின் அரண்மனையில் பிரெஞ்சு இரத்தின வியாபாரி தவேர்னியே 1665-இல் கண்டெழுதிய மகா மொகல் வைரமே இஃது என்பது ருஷ்யக் கனிமநூல் அறிஞர் ஃபெர்ஸ்மானின் கொள்கை. வரலாறு எவ்வாறாயினும், கிரிகோரி ஓர்லோவ் பிரபு இதனை வாங்கிக் கத்தரீன் மகாராணிக்குக் காணிக்கையாகக் கொடுத்தார் என்பதும், அதன் பின்னர் எவரும் இதன் மீது சாணை வைக்கவில்லை என்பதும் உறுதி. ஆதலின், இந்தியத் தொழிலாளியின் கை வேலை எத்தகையது என்பதை மாஸ்கோ நகரத்துக் கிரெம்ளினில் இன்றும் காணலாம்.

மற்றொன்று கோகினூர். 1849-இல் பஞ்சாப் ஆங்கிலேயர் வசமானபோது அவர்கள் கைக்குச் சென்ற இவ்வைரத்தை 1851-இல் லண்டன் மாநகரத்துப் பெருங் கண்காட்சியில் வைத்தனர். திரண்டு வந்த ஜனங்கள், போதுமான மினுமினுப்பு இல்லையே என்று முகஞ் சுளித்தனர். அவர்கட்கு இந்தியப் பட்டையின் அழகு விளங்கவில்லை. மறு ஆண்டே ஆம்ஸ்டர்டாமிலிருந்து தொழிலாளரை வரவழைத்து, நீராவி யந்திரத்தால் சுழலும் சாணையில் 38 நாட்கள் தீட்டினர். வெல்லிங்டன் பிரபு முதற் பட்டைக்குக் கை வைத்தார். முன்பு 186 பழைய காரட் இருந்த கல் 105.6 காரட்டாகச் சுருங்கியது. ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் பொடியாகிப் போயிற்று. விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் கோமகனும் முடிவைக் கண்டு மகிழவில்லை என்பர். பொடியானது பொடியானதே. பழைய கோகினூரை இனி எவரும் மீட்டல் இயலாது.

கல்லின் எடையை வீணாக்குவதை நம் நாட்டார் எவ்வளவு பெரிய குற்றமாக எண்ணினர் என்பதற்குத் தவேர்னியே எழுதிய செய்தி ஒன்றே போதும். மகா மொகல் வைரத்தைத் தீட்டியவர் வெனிஸ் நகரத்து ஹோர்டென்சியோ போர்ஜியோ என்பவர். கல்லைப் பிளந்து நல்ல துண்டுகளைத் தனியே எடுப்பதை விட்டு, முழுவதையும் தேய்த்தே குறைத்துவிட்டார். கூலி கொடுப்பதற்கு மாறாகப் பாதுஷா அவருக்குப் பதினாயிரம் ரூபாய் அபராதம் விதித்தாராம். அவரிடம் மேலும் பணம் இருந்திருந்தால் அதனையும் வாங்கியிருப்பார் என்று தவேர்னியே எழுதுகின்றார்.

சென்ற நூற்றாண்டில் உலகெங்கும் கோகினூரின் கதையே சிறிய அளவில் நடந்தது. பழைய பட்டைக் கற்களை நாகரிகம் கருதிப் புதிய மாதிரிக்குத் தீட்டித் தீட்டி விற்றனர். அதனால் பழைய கற்கள் அருகின. அருகியபின் அவற்றின் மீது ஆசை பிறந்தது. இப்பொழுது மேனாடுகளில் புதிய வட்ட வைரத்தையே மீண்டும் பழைய மாதிரிக்குத் தீட்டித் தருமாறு சாணைக்காரரிடம் கேட்கின்றனர். சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டது. நமக்கு நாகரிகம் முக்கியமன்று. நம் தோட்டில் ஒரு கல் குறைகின்றது என்பதே முக்கியம். எனினும் அந்த வித்தை நமக்குப் பயன்படும்.

அது செய்யும் முறை யாதெனின்: மேல்தளத்திற்கு மேலே சேர்ப்பதற்குக் கல்லில் பொருள் இல்லை. ஆகவே மகுடத்தை உயர்த்த வேண்டுமாயின் இடுப்பைக் கீழே இறக்கிக் குறுக்களவைச் சுருக்க வேண்டும். மகுடப் பட்டைகளை முன்னிலும் செங்குத்தாகத் தேய்க்க வேண்டும். அதனால் மேல்தளம் தானே சிறுக்கும். அடிப்பாகத்தின் நீண்ட மெல்லிய பட்டைகளை அழித்து, குறுகிய பருத்த பட்டைகளை அமைக்க வேண்டும். இறுதியில் அடிமுனையைச் சிறிது மழுக்க வேண்டும். வைரத்தை வைரமே தேய்க்கும் என்பது தாங்கள் அறிந்தது. இரும்புச் சாணைத் தட்டில் எண்ணெயோடு வைரப்பொடி பூசிச் சுழற்றித் தேய்க்கின்றனர். மரத்திற்கு வரி இருப்பது போல வைரத்திற்கும் வரி உண்டு. அதனை அறிந்து திசை பார்த்து வைத்தாலன்றிக் கல் தேயாது. உள்ளே கீற்றோ புரையோ இருப்பின் சாணையில் வெடித்துவிடும் அபாயமும் உண்டு.

எடை எவ்வளவு குறையும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வட்ட வைரத்தின் குறுக்களவை மில்லிமீட்டரில் அளந்து, அதனை அதனாலேயே பெருக்கி, வந்த தொகையை உயரத்தால் பெருக்கி, மறுபடி 0.0061 ஆல் பெருக்கினால் காரட் எடை ஏறக்குறைய வரும். குறுக்களவு 6.5, உயரம் 4 எனின் எடை 1.03 காரட். அதனைப் பழைய மாதிரிக்குத் தீட்டும்போது குறுக்களவு 6 ஆகவும் உயரம் 3.9 ஆகவும் குறைவதாகக் கொண்டால், எடை ஏறக்குறைய 86 சென்ட். ஆறில் ஒரு பங்கு சாணையில் போயிற்று. வட்டத்தை மெத்தை வடிவாக்கினால் இழப்பு இன்னும் மிகும். ஆதலின், தோட்டில் உள்ள குழிக்குச் சரியாகப் பொருந்தும் கல்லை வாங்கித் தீட்டக் கொடுப்பவர் ஏமாந்து போவார். திரும்பி வரும் கல் குழியில் ஆடும். அளவிற் பெரிய கல்லையே வாங்குதல் வேண்டும்.

இந்த ஆறில் ஒரு பங்கு இழப்பைப் பெரிதாகச் சொல்லி, இஃது ஊதாரித்தனம் என்பாரும் உளர். அவர்கட்கு யான் கூறும் சமாதானம் இதுவே: புதிய கல் ஒன்றில் ஆறில் ஒரு பங்கை இழப்பது, பழைய கற்கள் ஆறையும் முழுவதுமாக இழப்பதினும் சிறிய நஷ்டம் அன்றோ? மேலும், புதிய வட்டக் கல் சந்தையில் எத்தனையும் கிடைக்கும். பாட்டியின் கல் ஒரு முறை போனால் மீளாது.

இங்கே எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்லுகின்றேன். ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியில் வாழும் ஓர் அம்மையாருக்கு இரண்டு பெண்கள். தம் மாமியார் தந்த ஏழு கல் தோட்டை மூத்தவளுக்கும், தம் தாயார் தந்த எட்டுக்கல் பேசரியை இளையவளுக்கும் கொடுப்பதாக எண்ணியிருந்தார். தோட்டில் ஒரு கல் விழுந்தது. நகைக் கடைக்காரர் ஒருவர், "அம்மா, இவை பழைய பட்டை, இந்தக் காலத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். பதின்மூன்று கல்லையும் என்னிடம் கொடுத்துவிடுங்கள், சர்ட்டிபிகேட்டோடு பதினான்கு புதுக் கல் வைத்துத் தருகிறேன், மேலே கொஞ்சம் பணம் போடுங்கள்" என்றார். மூத்த பெண் இசைந்தாள். இளையவள், "பாட்டியின் தோடு என்று சொல்லிப் புதுத் தோட்டை அக்காவுக்குக் கொடுப்பதானால் பாட்டியின் தோடு எங்கே போயிற்று?" என்று கேட்டாள். அம்மையார் இரண்டு நாள் யோசித்தார். பின்னர், "கேட்க மாட்டார்களென்றால் அவர் மட்டும் ஏன் கேட்கிறார்?" என்று ஒரே வார்த்தை சொல்லி, பதின்மூன்று கற்களையும் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்.

அதன்பின் அவர் செய்த காரியமே பாராட்டத்தக்கது. புதிய வைரம் வாங்குமுன், திருச்சியிலேயே செயற்கைக் கல் தீட்டும் பட்டறைக்குத் தோட்டைக் கொண்டு சென்று, பழைய கல்லைப் பார்த்து அதே மாதிரியில் செயற்கைக் கல் ஒன்று தீட்டித் தரச் சொன்னார்.

இத்தொழில் நம் ஊருக்கு உரியது. பிரெஞ்சு ரசாயன அறிஞர் வெர்னொய் 1902-இல் வெளியிட்ட முறையால் செயற்கைக் கெம்பு உலகெங்கும் மலிந்தது. இருபதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளியிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் இத்தகைய கற்களைத் தீட்டுவது குடிசைத் தொழிலாகப் பரவி எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. 1970-களின் பிற்பகுதியில் கியூபிக் ஜிர்கோனியா என்னும் செயற்கைக் கல் சந்தைக்கு வந்தது. மக்கள் அதனை அமெரிக்கன் டைமண்ட் என்றனர். பின்னர்ச் சீனத்து யந்திரங்கள் தீட்டிய மலிவுக் கற்கள் வந்து குவிந்தமையால் நம் தொழிலாளருட் பலர் சாணையை விட்டு வேறு வேலைக்குச் சென்றனர். எஞ்சியிருப்போர் கையில் வித்தை இன்னும் இருக்கின்றது. கண்ணால் கோணம் கண்டு, விரலால் பட்டை உணர்ந்து தீட்டுபவர் அவர்.

அவர் தீட்டிக் கொடுத்த மாதிரிக் கல்லைத் தோட்டில் மெழுகால் ஒட்டிவைத்துப் பார்த்தனர். முதற் கல்லின் மேல்தளம் அகலமாய்த் தோன்றிற்று. இரண்டாவது கல் பொருந்திற்று. அதன் அளவுகளைக் குறித்துக்கொண்டு, அதற்குமேலேயே உண்மை வைரத்தை வாங்கி, வைரம் தீட்டும் தொழில் மிகுந்த சூரத் நகரத்திற்கு அனுப்பினர். உண்மை வைரத்திற்குச் சாணையும் வேறு, பயிற்சியும் வேறு என்பதை உணர்ந்து அவ்வாறு செய்தனர். மாதிரியின் அளவை மட்டும் கொள்ள வேண்டுமேயன்றி எடையைக் கொள்ளலாகாது. கியூபிக் ஜிர்கோனியா அதே பருமனுள்ள வைரத்தினும் ஒன்றரை மடங்குக்கு மேல் கனமுடையது.

தீட்டிவந்த கல் தோட்டில் ஏறிற்று. விளக்கின் முன்னே ஏழும் ஒன்றாகவே தோன்றுகின்றன. வெயிலில் உற்று நோக்கினால் வீட்டார் கண்ணுக்கு மட்டும் அஃது எது என்று தெரியும். அம்மையார் ஒரு நோட்டுப் புத்தகத்தில், "வலத் தோட்டில் கீழ்க் கல் புதியது, பழைய மாதிரிக்குத் தீட்டியது" என்று தேதியும் எடையும் இட்டு எழுதி, இரண்டு பெண்களையும் கையெழுத்திடச் செய்து, தோட்டுப் பெட்டியிலேயே வைத்துவிட்டார்.

சகோதரிகளே! யான் வற்புறுத்த விரும்புவது இந்தக் கடைசிச் செய்கையையே. பழைய மாதிரிக்குத் தீட்டிய புதிய கல் பழைய கல் ஆகாது. அஃது ஒரு குற்றமன்று. ஆனால் அதனை மறைப்பது குற்றம். இன்று தீட்டுவித்தவர் நாளை இலர். பேத்திமார் பாகம் பிரிக்கும்போது, எல்லாக் கல்லும் நூறு வருஷத்துப் பழமை என்று ஒருத்தியும், இல்லை என்று மற்றொருத்தியும் வழக்காடினால், நகை காப்பாற்றப்பட்டும் உறவு முறிந்துவிடும்.

பெயர் எவ்வளவு விரைவில் பொருளை விட்டுப் பிரிந்துவிடும் என்பதற்கு நம் வீடுகளிலேயே சான்று உண்டு. புளூ ஜாகர் என்று நம் தாய்மார் பெருமையோடு சொல்லும் வைரம் எது? தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபோன்டெயின் என்னும் சுரங்கத்தினின்று வந்த, இலேசான நீலச் சாயலுடைய வெண்கல்லுக்கே அப்பெயர் முதலில் வழங்கிற்று. அச்சுரங்கம் 1971-இல் மூடப்பட்டது. எனினும் எந்தச் சுரங்கத்துக் கல்லாயினும் நீலச் சாயல் சிறிது தோன்றினால் புளூ ஜாகர் என்றே இன்றும் விற்கின்றனர். சுரங்கத்தின் பெயர் சாயலின் பெயராகி, சாயலின் பெயர் விலையின் பெயராகிவிட்டது. எழுதிவையாத செய்தி இவ்வாறுதான் திரியும்.

இக்காலத்தில் மற்றொரு காரணத்தாலும் எழுதிவைத்தல் இன்றியமையாதது. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் வைரம் இப்பொழுது எங்கும் கிடைக்கின்றது. அதுவும் உண்மையான வைரமே, கண்ணாடியன்று. ஆனால் நிலத்தினின்று எடுத்ததைக் காட்டிலும் அதன் விலை மிகக் குறைவு. சாணையில் ஆறில் ஒரு பங்கு போவதற்கு அஞ்சுவோர் அத்தகைய கல்லை வாங்கித் தீட்டுவித்துக் கொள்ளலாம். யான் அதனைத் தடுக்கமாட்டேன். கண்ணால் அதனைப் பிரித்தறிதல் இயலாது, கருவியாலேயே இயலும். ஆகவே எழுத்தில் இருத்தல் வேண்டும்.

சான்றிதழைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிய கல்லோடு வரும் சான்றிதழ் அந்த எடைக்கும் அந்த அளவுக்கும் உரியது. மறுபட்டை தீட்டியவுடன் அது செல்லாததாகிவிடும். இடுப்பில் லேசர் ஒளியால் பொறித்த எண் இருந்தால் அதுவும் அழிந்துபோம். தீட்டியபின் மறுபடியும் சோதிக்கக் கொடுக்க வேண்டும். பழைய ஐரோப்பியப் பட்டை என்று பெயரிடுவதற்கு அமெரிக்க இரத்தினச் சாத்திரக் கழகத்தார் நான்கு இலக்கணம் வகுத்துள்ளனர்: மேல்தளம் 53 விழுக்காட்டுக்கு மிகாமை, மகுடச் சரிவு 40 பாகைக்குக் குறையாமை, அடிப்பாகத்தின் கீழ்ப்பாதிப் பட்டைகள் 60 விழுக்காட்டுக்கு மிகாமை, அடிமுனை நடுத்தரமோ அதனினும் பெரிதோ ஆயிருத்தல். இவற்றுள் மூன்று பொருந்தினால் அப்பெயர் பெறும். பட்டையின் மாதிரியைக் கூறும் பெயரேயன்றிக் கல்லின் வயதைக் கூறும் பெயர் அன்று இது. விற்பவர் அதனை வயதாகக் காட்டி விலை ஏற்றினால் ஏமாற வேண்டா.

இதுவரை கூறியவற்றைத் தொகுத்துச் சொல்லுகின்றேன். பழைய கல்லின் மீது சாணை வைக்க ஒருபோதும் இசையாதீர்கள். கல் விழுந்தால் மற்றக் கற்களின் நிறத்தையும் பட்டையையும் முதலில் அறியுங்கள். அளவிற் பெரிய புதிய கல்லை வாங்குங்கள். செயற்கைக் கல்லில் மாதிரி தீட்டுவித்துப் பார்த்த பிறகே உண்மைக் கல்லைக் கொடுங்கள். கொடுக்குமுன்னும் வாங்கியபின்னும் உங்கள் எதிரிலேயே நிறுத்து எழுதி வாங்குங்கள். உடையும் அபாயம் யாரைச் சார்ந்தது என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் பேசி முடியுங்கள்.

இராஜராஜன் காலத்துக் கோயிலார் சப்படி இத்தனை, சவக்கம் இத்தனை என்று கல்லிலே எழுதிவைத்தனர். நாம் காகிதத்தில் எழுதினாலே போதும். எத்தனை கல், என்ன எடை, எவர் கொடுத்தது, எது பின்னர் மாற்றியது என்று ஒவ்வொரு நகைக்கும் ஒரு பக்கம். அடுத்த கூட்டத்திற்கு வரும்போது தாய்மார் ஒவ்வொருவரும் அத்தகைய நோட்டுப் புத்தகம் ஒன்று தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். மகளுக்குத் தோட்டைக் கொடுக்கும் நாளில் அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.